இரண்டாவது புகார்

ஜனவரி 1, புதன்

அரிசி மண்டிக்காரர் கொடுத்த டைரி. முதல் பக்கத்தில் நல்லதை எழுதினால் வருசம் முழுக்க நல்லது தொடரும் என்பது என் எண்ணம். அதனால் எங்கள் பிள்ளைகளிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் மகள் கோகிலவாணியின் மூத்தவன் பிரணவ் டாக்டருக்குப் படிக்கிறான், இரண்டாம் வருசம். முதல்நாள் பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்கே கறிச்சோறு உண்டானாம். அந்த நெஞ்சுரம் எங்கள் பக்கத்தது, மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தது அல்ல. இளையவள் ஹரிணி கோ-கோ ஆட்டத்தில் மாநில அணிக்குப் போனாள். பல் ஒன்று போயிற்று, பதக்கம் ஒன்று வந்தது. என் மகன் மோகனசுந்தரம் எங்கள் வகையறாவில் முதல் பட்டதாரி. பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் மேனேஜர். வெளிநாட்டுக்குப் போகும் துணியில் ஒரு தையல் கோணினாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. அவன் மகள் மிருதுளா மூன்றாம் வகுப்பு. அபாகஸில் கோப்பை, கையெழுத்துக்குச் சான்றிதழ், இந்தியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. ஐந்தாம் வகுப்போடு எருமைக்குப் புல் அறுக்கப் போன இந்த ராமாத்தாளின் பேத்தி இவள் என்றால் யாராவது நம்புவார்களா.

நல்லதை எழுதியாயிற்று. மற்றதையும் ஒரே தடவை எழுதிவிட்டால் மறுபடி எழுத வேண்டியதில்லை. போன ஏப்ரலில் பள்ளிக்கூடத்து டீச்சர் மிருதுளாவின் முதுகைப் பார்த்துவிட்டு பிள்ளைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டுவிட்டாள். குழந்தைகள் நலக் குழு என்று ஓர் ஆபீஸ். இனிமேல் பிள்ளைமேல் கை வைக்க மாட்டேன் என்று மோகன் எழுதிக் கொடுத்தான். நான் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். அப்படித்தான் தோட்டத்தை விட்டு இந்த டவுன் வீட்டுக்கு வந்தேன். மாசம் ஒருமுறை ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்து பார்ப்பார். ஒரு வருசத்துக்குள் இரண்டாவது புகார் வந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வராவிட்டால் ஏப்ரல் கடைசியில் கேஸை மூடிவிடுவார்கள்.

இதுவரை வரவில்லை. வராது.

ஜனவரி 9, வியாழன்

நாளைக்கு மேடம் வருகிறார் என்று போன் வந்தது. எப்போதும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வருவார், நல்ல பழக்கம். திரைச்சீலை துவைத்தேன். முறுக்குக்கு மாவு பிசைந்தேன். மருமகள் ரேணுகா பாங்கிலிருந்து வந்ததும் கழிவறையைக் கழுவினாள்.

மிருதுளாவை உட்காரவைத்து மேடம் கேட்கிற கேள்விகளை நானே கேட்டுப் பதில் சொல்லிக்கொடுத்தேன். அப்பா அடிக்கிறாரா? இல்லீங்க மேடம். வீட்ல யாருக்காவது பயமா? இல்லீங்க மேடம். சந்தோசமா இருக்கறயா? இருக்கறனுங்க மேடம். சின்னப் பிள்ளை, புதிய ஆளைப் பார்த்தால் திணறிவிடும், அதற்காகத்தான். இரண்டு தடவையில் பிடித்துக்கொண்டாள். என்ன மூளை.

ஜனவரி 10

எல்லாம் நன்றாக முடிந்தது. மேடம் பெயர் கயற்கண்ணி. ஸ்கூட்டரில் வருகிறார், ஹெல்மெட்டைக் கழற்றினால் முடி வேர்வையில் ஒட்டிக்கிடக்கிறது. முறுக்கு நன்றாக இருக்கிறது என்றார்.

ஜனவரி 14, பொங்கல்

பொங்கல் பொங்கியது. மிருதுளா குடிக்கத் தண்ணீர் கேட்டாள். தண்ணீர்க் குண்டா பக்கத்திலேயே இருக்கிறது. “மொண்டு குடி கண்ணு” என்றேன். “குடிக்கலாமா ஆத்தா?” என்று மறுபடி கேட்டுவிட்டுத்தான் குடித்தாள். அடக்கமான பிள்ளை.

ஜனவரி 26, ஞாயிறு

இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மோகன் மிருதுளாவுக்குப் பரீட்சை வைக்கிறான். தவறு வந்தால் தொடுவதில்லை. தவறு ஒன்றுக்கு ஓர் இட்லி குறையும், அவ்வளவுதான். இன்றைக்கு நான் சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

“ஏஞ்சாமி, வளர்ற புள்ளைக்கு வவுத்த வாடப்போடலாமா?”

“நான் கைய வெச்சனாம்மா? அவளயே கேளுங்க. மிருது, அப்பா தொட்டனா?”

“இல்லீங்கப்பா.”

“பாத்தீங்களா. கம்பெனில பீஸ் ரிஜெக்ட் ஆனா தெச்சவனுக்குச் சம்பளம் கட்டு. அப்பத்தான் அடுத்த பீஸ் நேரா வரும். நீங்க அந்தக் காலத்துல என்னயப் புளியமிலாறு குச்சியால இழுத்தீங்களே, நான் கெட்டாப் போயிட்டேன்?”

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எழுதிக் கொடுத்தபடி நடக்கிறான். பிறகு பிள்ளை குளிக்கப் போன சமயம் பார்த்து அவள் துண்டுக்கடியில் ஒரு தேங்காய்ப் பர்பி வைத்தேன். பாட்டிமார் செய்கிறதுதான்.

பிப்ரவரி 4

பள்ளிக்கூடப் பையைத் தட்டிக் காயவைத்தேன். அடியில் காய்ந்த சப்பாத்தி, அரை பிஸ்கெட்டு, பூஞ்சை பிடித்த பன் ஒன்று. எறும்பு வரும் என்று கண்டித்தேன். அழுக்கில் மட்டும் இவள் அம்மாவைப்போல.

பிப்ரவரி 12, புதன்

மேடம் வந்து போனார். இந்தத் தடவை கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினார். சென்னையில் ஒரு கூட்டம் நடந்ததாம். வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய பிள்ளைகளில் எத்தனை பேரைப் பற்றி ஒரு வருசத்துக்குள் மறுபடி புகார் வருகிறது என்று மாவட்டம் மாவட்டமாகக் கணக்குப் பார்த்தார்களாம். அதை வைத்துத்தான் ஆபீஸ் நன்றாக வேலை செய்கிறதா என்று அளப்பார்களாம்.

“எங்க ஜில்லாவுல இந்த வருசம் ஒண்ணுகூட திரும்பி வரலீங்க பாட்டிம்மா. மேடைல கூப்ட்டுக் கை தட்டுனாங்க.”

“அட, நல்ல சேதிதானுங்களே.”

“நல்ல சேதிதான்” என்று முறுக்கை ஒடித்தார். ஒடித்ததைத் தின்னவில்லை. “பக்கத்து ஜில்லாவுல ஏகப்பட்டது திரும்பி வந்துருக்குது. அவங்களத் திட்டுனாங்க. அங்க ஒரு மேடம் எங்கிட்ட வந்து, உங்க ஊர்ல மட்டும் அப்பனாத்தாளெல்லாம் எப்படிங்க திருந்துனாங்கன்னு கேட்டுச்சு. சிரிச்சுட்டு வந்துட்டேன்.”

எங்கள் வீடும் அந்தக் கைதட்டலில் சேர்த்தி என்று எனக்குப் பெருமைதான். மேடம் மட்டும் ஏன் முகம் வாடிப் போனார் என்று தெரியவில்லை. வெயிலாக இருக்கும்.

பிப்ரவரி 21, வெள்ளி

பக்கத்துத் தோட்டத்துச் சின்னக்காளிடம் விட்டுவந்த என் மாட்டைப் பற்றிக் கேட்கப் போன் போட்டேன். “தங்கமாட்டம் இருக்குதுக்கா. கத்தறதே இல்ல, ஒரு தொந்தரவும் இல்ல” என்றாள். “அடிப்பாவி, கத்தாத மாட்டத்தாண்டி மொதல்ல பாக்கோணும். தீனி வேணுங்கற மாடு கத்தும். முடியாத மாடுதான் கம்முன்னு நிக்கும்” என்று சத்தம் போட்டேன். நாளைக்கே ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 22

ஊரில். மாட்டுக்கு வயிற்று உப்புசம். நான் சொன்னது சரியாகிவிட்டது. வைத்தியர் வந்து ஊசி போட்டார். “இன்னும் ரெண்டு நாள் விட்டுருந்தா போயிருக்கும், எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார். கத்தவில்லை என்றார்கள், அதனால் வந்தேன் என்றேன்.

பேருந்து கிடைக்கவில்லை. நாளைக்குத்தான் திரும்ப வேண்டும். மனசு ஒரு நிலையில் இல்லை. மாட்டுக்காகத்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மத்தியானம் வந்து சேர்ந்தேன். மிருதுளாவுக்கு இரண்டு முட்டியும் தோல் வழன்றிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டாளாம். இரண்டு முட்டியும் ஒரே மாதிரி, வட்டமாக. எண்ணெய் தடவும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சத்தம் இல்லை.

“எங்க உழுந்த கண்ணு?”

“பள்ளிக்கூடத்துல உழுந்துட்டனுங்க ஆத்தா.”

“எப்ப?”

“பள்ளிக்கூடத்துல உழுந்துட்டனுங்க ஆத்தா.”

நேற்றும் இன்றைக்கும் பள்ளிக்கூடம் இல்லை.

துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். மண்ணெல்லாம் கூட்டிச் சுத்தமாக இருந்தது, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் ஜல்லி பரப்பிக் கிடந்தது. வீடு கட்டும்போது மிச்சமானதாக இருக்கும். ஒரு முறத்தில் வாரிக் கீழே கொட்டினேன். கால் சுட்டது.

பிப்ரவரி 24

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கீரை ஆய்ந்தேன்.

பிப்ரவரி 25

ரேணுகாவிடம் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அத்த, உங்க பேச்சுலதான் அவங்க புள்ளய எங்ககூட உட்டாங்க. நீங்க கேக்கோணுமா, நான் கேக்கோணுமா?” என்றாள். என்ன வாய்த்துடுக்கு. ஒரு வாரம் இவளோடு பேசப்போவதில்லை.

மார்ச் 3

மோகனிடம் கேட்டேன். அவன் கோபிக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். “ஒரு ரெண்டு மாசம் பொறுங்கம்மா. கேஸ் முடிஞ்சிரட்டும். இப்ப இன்னொரு புகார் போச்சுன்னா புள்ள ஹோமுக்குப் போகும், நான் உள்ள போவேன். ஊர்ல தலைகாட்ட முடியுமா? உங்க பேரனுக்கு டாக்டர்ப் பொண்ணு எவன் குடுப்பான்?” என்றான். சின்ன வயசில் காய்ச்சலில் இப்படித்தான் என் கையை விடாமல் பிடித்துக்கொள்வான்.

அதற்குப் பிறகு ஜல்லியைப் பற்றி நான் பேசவில்லை.

மார்ச் 13, வியாழன்

மேடம் வரும் நாள். மிருதுளாவுக்குப் பட்டுப் பாவாடை கட்டிவிட்டேன், கணுக்கால் வரைக்கும். வெள்ளிக்கிழமைக்கு ஒருநாள் முன்னாடியே கட்டினால் என்ன, நம் பிள்ளைதானே. கோயிலுக்குப் போகிறோம் என்று மேடத்திடம் சொன்னேன். போனோமா என்றால் போகவில்லை.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதை மேடம் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

“பாட்டிம்மா, எங்கிட்ட நெறய வீடு இருக்குது. நான் ஒருத்திதான். மாசத்துல கால்மணி நேரம் வாறேன். மத்த நேரத்துக்கெல்லாம் உங்களத்தான் நம்பிட்டிருக்கறேன்.”

“ஆகட்டுங்க” என்றேன். ஸ்கூட்டர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

மார்ச் 16

இன்றைக்கு ஐந்து தவறு. மூன்று இட்லிதான் அவள் உண்பதே. மிச்சம் இரண்டை நாளைக் காலையில் கழித்துக்கொள்வானாம்.

மார்ச் 30, ஞாயிறு

படுக்கையை நனைத்துவிட்டாள். ஒன்பது வயதுக்குப் போகிறாள். நான் எழுந்து பார்க்கும்போது அவளே விரிப்பைச் சுருட்டி, வாளியில் ஊறவைத்து, மெத்தைக்கு ஃபேனைத் திருப்பி வைத்திருந்தாள். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு கச்சிதம் எங்கிருந்து வரும்.

காலையிலிருந்து நாலு தடவை காப்பி போட்டுவிட்டேன். காப்பியைக் குறைக்க வேண்டும்.

ஏப்ரல் 11

முழுப் பரீட்சை ஆரம்பம். வீட்டில் எல்லாரும் மெதுவாக நடக்கிறோம். மிக்ஸி போடுவதுகூட இல்லை, அம்மியில்தான் அரைக்கிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நாளை மறுநாள் மேடம் கடைசித் தடவையாக வருகிறார். மோகன் ஸ்வீட் வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறான். மறுபடியும் கேள்வி பதிலை ஒருதடவை பார்த்துவிடலாம் என்று மிருதுளாவைக் கூப்பிட்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள். நான் கேட்கவில்லை. போய் விளையாடு என்றேன். எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

ஏப்ரல் 24, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேடம் பதினோரு மணிக்கு வந்தார். மோகன் லீவு போட்டு வீட்டில் இருந்தான், வெள்ளைச் சட்டை. ரேணுகா அடுப்படியில் காப்பி கலந்துகொண்டிருந்தாள். மிருதுளா பாவாடை கட்டி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா அடிக்கிறாரா என்று மேடம் கேட்டார். இல்லீங்க மேடம். யாருக்காவது பயமா? இல்லீங்க மேடம். சந்தோசமா இருக்கறயா? இருக்கறனுங்க மேடம். ஒரு வார்த்தை பிசகவில்லை. என் வாயும் கூடவே அசைந்துகொண்டிருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். மேடம் கவனித்துவிட்டார் என்று நினைக்கிறேன். காகிதத்தை மூடப் போனவர் மூடவில்லை.

“நேத்துச் சாயங்காலம் என்ன சாப்ட்ட தங்கம்?”

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மிருதுளா அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

“அது எனக்குச் சொல்லித்தரலீங்க மேடம். வேற கேள்வி கேளுங்க.”

மோகன் சிரித்தான். “பரீட்ச டைம் பாருங்க மேடம், அதே நெனப்பு.”

பிள்ளை சிரிக்கவில்லை. அவன் பக்கம் திரும்பி, “இதுக்கு எத்தன கொறையுங்கப்பா?” என்று கேட்டது.

என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. “நேத்து அது சோறு திங்கலீங்க” என்றேன். “முந்தா நேத்தும் அரவயிறுதான். கணக்குல தப்பு வந்துச்சு.”

“அம்மா.”

“இரு மோகனு. மேடம், நீங்க எழுதுங்க. ரெண்டாவது புகாருன்னே எழுதுங்க. குடுக்கறது நான். மாடில ஜல்லிமேல முட்டி போட்டதும் எழுதுங்க.”

“எங்கம்மாளுக்கு வயசாயிருச்சுங்க மேடம், ஊரு நெனப்புல ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசறாங்க.”

அப்போது ரேணுகா காப்பித் தட்டோடு வந்தாள். தட்டைத் தரையில் வைத்தாள். பிள்ளைக்கு முன்னால் மண்டி போட்டு, பாவாடையை முட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். பழைய தழும்புக்குப் பக்கத்தில் புதிய தழும்பு. அது எனக்கே தெரியாது. ஜல்லியை வாரிக் கொட்டியதும் முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

மேடம் பேனாவை எடுத்தார். நான் சொன்னதையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டார்.

மே 2, வெள்ளி

குழுவின் முன்னால் நின்றேன். பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், “ஜனவரி, பிப்ரவரி, மார்ச், எல்லா மாசமும் ஒரு குறையும் இல்லேன்னு சொன்னது நீங்கதானே?”

“ஆமாங்க.”

“அப்படின்னா உங்ககிட்ட எப்படிம்மா மறுபடி புள்ளயக் குடுக்கறது?”

“குடுக்க வேண்டாமுங்க.”

மிருதுளாவை ரேணுகாவோடு அவளுடைய அம்மா வீட்டில் இருக்க உத்தரவு. மோகன் போகக் கூடாது. நானும் அவர்கள் சொல்கிற வரைக்கும் போகக் கூடாது. மோகன்மேல் போலீஸில் எழுதியிருக்கிறார்கள். கம்பெனியில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கோகிலா போன் போட்டு, “பெத்த மகன உள்ள தள்ளப் பாக்கறயே, நீயெல்லாம் ஒரு அம்மாளா?” என்று கேட்டாள். பிரணவின் சம்பந்தம் பற்றியும் சொன்னாள். கேட்டுக்கொண்டேன். அவனுக்கு இன்னும் மீசையே ஒழுங்காக முளைக்கவில்லை.

வெளியே வந்தபோது கயற்கண்ணி மேடம் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார்.

“உங்களுக்கு என்னால கெட்ட பேருங்களா?” என்று கேட்டேன்.

“அடுத்த கூட்டத்துல கை தட்ட மாட்டாங்க” என்றார். “திட்டு உழும். ஒண்ணு திரும்பி வந்துருச்சேன்னு கேப்பாங்க. இந்த ஒண்ணாச்சும் எங்க கண்ணுல பட்டுச்சேன்னு நான் சொல்லுவேன்.” ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். “மத்த வீடெல்லாம் ரொம்ப அமைதியா இருக்குதுங்க பாட்டிம்மா. ஒருத்தரும் ஒரு குறையும் சொல்றதில்ல. இனி போன் போடாமத்தான் போகப்போறேன்.”

அப்படியே கிளம்பிப் போனார். முறுக்கு கட்டி எடுத்துப் போயிருந்தேன், கொடுக்க மறந்துவிட்டேன்.

மே 5

தோட்டத்துக்கு வந்துவிட்டேன். பேருந்து நிலையம் வரைக்கும் மோகன் கொண்டுவந்து விட்டான். பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தான். டிக்கெட் எடுத்தீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. அவனும் நான் வளர்த்த பிள்ளைதான். சாப்பிட்டாயா என்று கேட்க நினைத்தேன், அதற்குள் டிரைவர் பேருந்தை எடுத்துவிட்டான்.

மே 19, திங்கள்

உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. சாளை வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். சின்னக்காள், “என்னக்கா, எதயாச்சும் தொலச்சுட்டீங்களா?” என்கிறாள்.

ஆபீஸில் கேட்டேன். போய்ப் பார்க்கத்தான் கூடாதாம், கடிதம் எழுதலாமாம். ரேணுகாவுக்கு எழுதினேன். நகலை இங்கே வைத்துக்கொள்கிறேன், என்ன எழுதினேன் என்று பிறகு மறந்து போகும்.

அன்புள்ள ரேணுகாவுக்கு, அத்தை எழுதுவது. உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அன்றைக்கு நீ தட்டைக் கீழே வைத்ததற்கு உன்னிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மிருதுளாவுக்குப் பசிக்கும்போது அவளே எடுத்து உண்கிறாளா? கேட்காமல் எடுக்கிறாளா? அதை மட்டும் எழுது. என் போன் பட்டன் போன், அதில் படம் வராது. அதனால் பிள்ளையைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு அம்மிணி. சொல்லிவிட்டு எடுக்காதே, சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றுவிடுவாள். அவளுக்குத் தெரியாமல் எடு.